தட்டின் மறுகரை

"இங்கேயும் அரைச் சோறுதானா, அம்மை?"

பந்தியில் உட்கார்ந்திருந்த அழகியநம்பி கேட்டார். அவர் தட்டின் வலப் பக்கம் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. இடப் பக்கத்தில் சோறும் பருப்பும் கீரை மசியலும் வைத்தது வைத்தபடி இருந்தன.

எதிரே மடத்து அம்மை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டி அவர் தட்டைப் பிடித்தார். மெதுவாக அரை வட்டம் திருப்பினார்.

வெறும் தட்டில் சோறு வந்தது.

காலைப் பனி விலகி, அதுவரை இல்லாத வயல் ஒன்று தெரிவதைப்போல இருந்தது அழகியநம்பிக்கு. பேசாமல் சாப்பிட்டு முடித்தார்.

"ருசியாத்தான் இருக்கு. ஆனா ஒரே தடவையாப் போட்டிருக்கலாமே. எதுக்கு ரெண்டாவது பரிமாறல்?"

"ரெண்டாவது தடவை யாரும் பரிமாறலை."

"பின்னே?"

அம்மை கை கழுவ எழுந்து போய்விட்டார்.

*

அழகியநம்பி நில அளவையராக இருந்தவர். யாருடைய வரப்பு எங்கே முடிகிறது, யாருடைய மனை எங்கே தொடங்குகிறது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். அவர் கல் நட்ட இடத்தில் மறுபேச்சு கிடையாது.

ஓய்வு பெற்றபின் ஒரு காலையில் முகம் கழுவக் குனிந்தார். நிமிரவில்லை.

பக்கவாதம் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது பேச்சு இருந்தது. வலக்கை இருந்தது. கம்பூன்றி நடக்கும் அளவுக்குக் கால் இருந்தது. இடக்கை மட்டும் துவண்டு தொங்கியது.

இன்னொன்றும் போயிருந்தது. போனது அவருக்குத் தெரியவில்லை.

உலகத்தின் இடப் பக்கம் போயிருந்தது.

கண்ணில் பழுதில்லை. ஆனால் இடப் பக்கம் இருப்பதை அவர் மனம் எடுத்துக்கொள்ளவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பாதி முகத்துக்குச் சவரம் செய்துவிட்டு எழுந்துவிடுவார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். விடாமல் பழக்கினால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்றார்.

அழகியநம்பி சிரித்தார். "இல்லாத ஒண்ணைக் காணலைன்னு சொல்லுதாரு."

மனைவி செண்பகவடிவு ஊட்ட ஆரம்பித்தாள். துவண்ட கையைத் தாங்கிக்கொள்ள வசதி என்று அவருடைய இடப் பக்கத்தில்தான் உட்காருவாள். அவருக்கோ அவள் இருப்பது தெரியாது. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு கரண்டி முளைத்து வாய்க்கு நேரே வரும். பதறித் தட்டிவிடுவார். உள்ளே போன சோறும் இடக் கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் குடித்தால் புரையேறி நெஞ்சு நோகும்.

ஆள் இளைத்துக்கொண்டே வந்தார்.

"எனக்குச் சோறு போட வீட்டுல ஆளில்லை," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "பொண்டாட்டி பக்கத்துல வந்து உட்காருதது கூட கெடையாது."

பக்கத்தில் உட்கார்ந்தபடி செண்பகவடிவு அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் தட்டையே தூக்கி எறிந்தார். "ஆத்தங்கரையில அம்மை மடம் இருக்குல்லா, அங்கே கொண்டு விடு. அங்கேயாவது வயிறு நெறையப் போடுவாங்க."

அப்படித்தான் இருவரும் பேருந்து ஏறி வந்தார்கள்.

*

மடம் என்றால் பெரிய மடம் இல்லை. மருத மரங்களுக்கு நடுவே ஓடு போட்ட சில குடில்கள். ஒரு சமையல்கட்டு. படிக்கட்டு இறங்கினால் ஆறு. அம்மைக்கு அழகியநம்பியைவிட வயது குறைவு. எங்கிருந்து வந்தார், யாரிடம் தீட்சை பெற்றார் என்று எவருக்கும் தெரியாது. வந்தவர்களுக்குச் சோறு போடுவார். கேட்டவர்களுக்குச் சில சமயம் பதில் சொல்வார்.

பிற்பகலில் அழகியநம்பி கம்பூன்றிப் போய், அம்மை உட்கார்ந்திருந்த படியில், ஆறு போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்த ஆற்றுக்கு ஒரு கரைதான். நாணல் அசையும் வலக் கரை. தண்ணீர் அங்கிருந்து புறப்பட்டு, வெள்ளிபோல் மினுங்கிக்கொண்டு வந்து, எங்கோ முடிந்துபோனது. முடிந்த இடத்துக்கு அப்பால் இருட்டு இல்லை. வெளிச்சமும் இல்லை. அங்கே ஒன்றும் இல்லை என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"டாக்டர் சொல்லுதாரு. வீட்டுக்காரி சொல்லுதா. தட்டைத் திருப்பி நீங்களும் அதையேதான் சொன்னிய. எனக்கு ஒரு பக்கம் தெரியலைன்னு."

அம்மை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாத பக்கம் ஒண்ணு இருக்குதுன்னு எனக்கு எப்படி அம்மை தெரியும்?"

"தட்டு காலியானதும் பசி இருந்துதா?"

"இருந்துது."

"அப்போ தட்டு காலியாகலை."

அழகியநம்பி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து உங்களுக்கு யாரும் ஊட்ட மாட்டாங்க," என்றார் அம்மை. "யாரும் தட்டைத் திருப்பவும் மாட்டாங்க."

"ஐயோ அம்மை, அவரு பட்டினியால்லா கெடப்பாரு!"

செண்பகவடிவின் குரல். அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது அழகியநம்பிக்கு. அவர் வலப் பக்கம் திரும்பித் தேடினார். அங்கே யாரும் இல்லை.

*

மறுநாள் அவருக்கு வைத்த தட்டின் விளிம்பு உயரமாக இருந்தது. நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரித்திருந்தார்கள்.

வலப் பக்கத்தைச் சாப்பிட்டார். தீர்ந்தது. பசித்தது.

"அம்மை."

அம்மை தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அம்மை, பசிக்குது."

"தெரியும்."

கோபத்தில் தட்டை ஓங்கித் தட்டினார். தட்டு நகரவில்லை. பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்; அம்மை எழவில்லை. தண்ணீரில் பட்ட வெயில் கூரையில் ஏறி அலை அலையாக நெளிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எப்போதோ ஒரு புன்செய் வரப்பில் நின்றது நினைவுக்கு வந்தது. நிலம் எங்கே போய் முடிகிறது என்று இரண்டு பங்காளிகளுக்கும் தெரியவில்லை. கண்ணால் பார்த்து யாருக்கும் தெரியவில்லை. அவர் வாயைத் திறக்காமல் ஒரு கல்லிலிருந்து நடக்க ஆரம்பித்தார். அதே கல்லுக்குத் திரும்பி வரும்வரை நடந்தார்.

ஆள்காட்டி விரலைத் தட்டின் விளிம்பில் வைத்தார்.

விரல் நடந்தது. தன்னிடமிருந்து விலகி மேலே போனது. பிறகு வளைந்து, அவருக்கு எதுவுமே இல்லாத இடத்துக்குள் இறங்கியது. தயங்கினார். விளிம்பு நிற்கவில்லை. விரலும் நிற்கவில்லை. விரலின் பின்னாலேயே கண் போனது, கண்ணின் பின்னாலேயே தலை.

விரல் போகப் போக உலகம் வந்தது.

முதலில் ஒரு முருங்கைக்கீரைப் பொரியல். பிறகு குழைந்த சோற்றின் ஓரம். பிறகு பூசணிக்காய்க் கூட்டு, ஆறிப்போய்.

அதற்கும் அப்பால், தட்டை ஒட்டினாற்போல், குளிர்ச்சியாக ஏதோ ஒன்று விரலில் பட்டது.

அழகியநம்பி குனிந்து பார்த்தார்.

"யாரோ ஒரு கையை இங்கே வச்சிட்டுப் போயிருக்காங்க, அம்மை."

"யாருதுன்னு பாருங்க."

விரல் அந்தக் கையின்மேல் ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. சட்டைத் துணி. துணி ஏறி ஏறி ஒரு தோளில் போய் முடிந்தது. அந்தத் தோளிலிருந்து கழுத்து தொடங்கியது. கழுத்தில் அவருடைய நாடி துடித்துக்கொண்டிருந்தது.

விரலை நாடியிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"இதை நான் என்ன செய்ய?"

"வேலை குடுங்க."

வலக்கையால் இடக்கையை எடுத்தார். தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்தார். அதன் பாரத்தில் தட்டு இன்னும் கெட்டியாக உட்கார்ந்தது.

கூட்டை எடுத்துச் சோற்றில் போட்டுப் பிசைந்தார்.

வாய் அசைவது நின்றதும் அம்மை சொன்னார். "வாய்க்கும் ரெண்டு கன்னம் உண்டு."

நாக்கை இடப் பக்கம் அனுப்பிப் பார்த்தார். அங்கே முதல் கவளம் இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

*

சோறு வழிக்கு வந்தது. தண்ணீர் வரவில்லை.

சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வதுதான் சின்ன வயதிலிருந்து அவர் பழக்கம். ஊற்றியதும் புரையேறும். கண் பிதுங்க இருமுவார். இருமி முடித்துவிட்டு மறுபடியும் அண்ணாந்து ஊற்றுவார்.

"குனிஞ்சு, வாய் வச்சு, ஒவ்வொரு மடக்காக் குடிங்க," என்றார் அம்மை.

"எச்சில் பண்ணிக் குடிக்கச் சொல்லுதியளா? அது நமக்கு ஆகாது."

அம்மை அவரைப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேய்ச்சல் மாடுகள் ஆற்றில் இறங்கி நின்றன. சாயங்கால வெயிலில் அவற்றின் முதுகுகள் தாமிர நிறத்தில் மின்னின. ஒவ்வொன்றும் கழுத்தைத் தாழ்த்தி, மூக்கு நனைய, அவசரமில்லாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தது. குடிக்கிற இடத்திலிருந்து வட்டங்கள் பிறந்து விரிந்து போயின.

"மாட்டுக்குப் புரையேறிப் பார்த்திருக்கியளா?"

அழகியநம்பி யோசித்தார். வயல்வெளியிலேயே கிடந்த மனிதர். எத்தனையோ மாடுகளைப் பார்த்தவர்.

திரும்பி வந்ததும் சொம்பை வாயில் வைத்தார். முகவாய் நெஞ்சைத் தொடக் குனிந்தார். தன் மடியைப் பார்த்தபடி ஒரு மடக்குக் குடித்தார்.

தண்ணீர் இறங்கியது. சத்தமே இல்லை.

*

"இனிமே உங்க கஞ்சியை நீங்களே காய்ச்சுங்க."

அம்மை இதைச் சொன்னபோது அழகியநம்பி சமையல்கட்டின் வாசலில் நின்றிருந்தார். வாழ்நாளில் அவர் உள்ளே போகாத அறை அது. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி.

"ஒத்தைக் கையை வச்சுக்கிட்டா?"

"ரெண்டு கை இருந்தப்போ காய்ச்சினியளா?"

அவர் உள்ளே போனார்.

அடுப்புக்கு எதிரே ஒரு முக்காலி. இடக்கை தெரியாமல் நெருப்பில் பட்டுவிடக் கூடாது என்று, துண்டைக் குழந்தைக்குக் கட்டும் ஏணைபோல் கழுத்தில் கட்டி அதற்குள் கையை இட்டார் அம்மை. கூர்முனை மேலே நிற்க ஆணி அடித்த பலகை ஒன்று இருந்தது. கேரட்டை அதில் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலேயே நறுக்க முடிந்தது. முருங்கைக் கொத்தின் காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இலையை உருவினார். பாதி இலை மடியில் விழுந்தது. வாசல் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து, யாரோ உட்கார வைத்ததுபோல் இருந்தது. அவர் கவனிக்கவில்லை.

குருணையும் பாசிப்பருப்பும் கேரட்டும் கொதித்தன. கிண்டினார். கெட்டியானதும் கீரையைப் போட்டார். இன்னும் கிண்டினார். நன்றாகத்தான் கிண்டினார்.

தீய்ந்த வாசம் வந்தது.

பானையின் ஒரு பாதி பொன்போல வெந்திருந்தது. மறுபாதி கரியாகப் பிடித்திருந்தது. அகப்பை அந்தப் பக்கம் போகவே இல்லை.

அம்மை தன் தட்டை நீட்டினார். தீய்ந்த கஞ்சியை முகம் சுளிக்காமல் கடைசிவரை சாப்பிட்டார்.

அழகியநம்பிக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை. "எந்தப் பக்கம் புடிச்சுதுன்னு எனக்குத் தெரியக்கூட இல்லையே, அம்மை."

"உங்க நாக்குக்குத் தெரிஞ்சிருக்கே."

மறுநாள் அவர் அகப்பையைப் பானையின் நடுவில் வைக்கவில்லை. விளிம்பில் வைத்தார். விளிம்பைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். மறுபடியும் சுற்றினார். ஆவி எழுந்து முகத்தை மூடியது. அந்த வெண்மைக்குள் அகப்பை மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. தான் கிண்டுகிறோமா, கிண்டப்படுகிறோமா என்று ஒரு கணம் அவருக்கே தெரியவில்லை.

கஞ்சி அடிப்பிடிக்கவில்லை.

*

மழைக்காலம் வந்தது. ஆறு நிறம் மாறியது. அழகியநம்பியின் கன்னத்தில் சதை வைத்தது. காலையில் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறும் பருப்பும், சாயங்காலம் மசித்த வாழைப்பழம். எல்லாம் தன் கையால். நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல், சின்னச் சின்ன வாயாக.

ஒரு காலை, அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சியைக் குடித்து முடித்தார். விரலை விளிம்பு முழுக்க நடக்க விட்டார். சுத்தமாக இருந்தது. நாக்கை இரண்டு கன்னத்துக்கும் அனுப்பினார். சுத்தமாக இருந்தது.

எழுந்திருக்கவில்லை.

"என்ன?" என்றார் அம்மை.

"தட்டு முடிஞ்சுது. வயிறும் நெறைஞ்சுது. ஆனா என்னமோ மிச்சம் இருக்குத மாதிரி இருக்கு."

"தட்டோட ஏன் நிக்கிறீங்க?"

வெளியே தூறல். ஓட்டிலிருந்து சொட்டுகள் ஒன்றையொன்று பிடிக்க ஓடுவதுபோல் விழுந்துகொண்டிருந்தன. அழகியநம்பி விரலைத் தட்டின் விளிம்பிலிருந்து கீழே இறக்கினார். ஈரத்துணி. பாயின் கோரை. விரல் இடப் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. பாய் முடிந்து தரை வந்தது. தரை சில்லென்று இருந்தது. எட்டுகிற தூரம் தீர்ந்ததும் உடம்பைச் சாய்த்தார்.

நூல் புடவை ஒன்று தட்டுப்பட்டது. அதற்குள்ளே ஒரு முழங்கால்.

கழுத்தைத் திருப்பினார். இதுவரை திரும்பாத தூரத்துக்குத் திருப்பினார். முழங்காலுக்குமேல் மடி வந்தது. மடியில் கோத்துக்கொண்டிருந்த விரல்கள் வந்தன. கழுத்தெலும்பு வந்தது, குழி விழுந்து. பிறகு முகம்.

"ஏளா," என்றார். "நீ எப்போ வந்தே?"

"நான் எங்கேயும் போகலியே," என்றாள் செண்பகவடிவு.

அவர் அவளையே பார்த்தார். ஒரு பக்கக் கண், மறுபக்கக் கண், ஒரு காது, மறுகாது என்று எதையும் விடாமல் பார்த்தார். இவள் இவ்வளவு மெலிந்தவள் இல்லை. கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

"எவ்வளவு நாளா இங்கே உட்கார்ந்திருக்கே?"

அவள் புடவை ஓரத்தை முழங்காலுக்கு இழுத்து விட்டுக்கொண்டாள்.

"தெனமுமா?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

அவருக்கு முன்னால் தட்டு இருந்தது. அடுப்பில் பானை இருந்தது. அம்மையிடம் ஒரு தட்டு இருந்தது. அவளுக்கு முன்னால் வெறும் தரை.

"நீ சாப்பிட்டியா?"

அந்தக் கேள்வி தனக்குத்தானா என்று செண்பகவடிவு பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க சாப்பிட்ட பொறவுதான்..."

"பொறவுன்னா எப்போ?"

"எல்லாத்தையும் கழுவி வச்சிட்டு. ஆறிப்போனா என்ன, எனக்கு அது பழக்கந்தானே."

அழகியநம்பி திரும்பி ஒரு தட்டை எடுத்தார். அதை வைக்க ஈரத்துணியை நீவி விட்டார். அகப்பையைப் பானைக்குள் விட்டார். கஞ்சி கொஞ்சம் தரையில் சிந்தியது.

செண்பகவடிவின் கை தானாக எழுந்தது.

அம்மை அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடிக்கவில்லை. விடவும் இல்லை.

இன்னும் ஓர் அகப்பை. கொஞ்சம் சிந்தியது. இன்னும் ஒன்று. அது சிந்தவில்லை. தட்டில் கை வைத்து, துணியைவிட்டு இறக்கித் தள்ளினார். தரையில் உரசிக்கொண்டு தட்டு மெதுவாக இடப் பக்கம் போனது. அதைக் கண்ணிலிருந்து நழுவ விடாமல், அதனோடேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவள் முழங்காலைத் தொட்டதும் தட்டு நின்றது.

செண்பகவடிவு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆவி அவள் முகத்தில் பட்டது.

"சாப்பிடு."

"நீங்க?"

"நான் இங்கேதான் இருக்கேன்."

ஒரு வாய் எடுத்தாள். வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

"சுடுதா?" என்று பதறினார்.

"சூடா இருக்கு," என்றாள்.

குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். முதலில் சின்னச் சின்ன வாயாக. பிறகு பெரிய வாயாக. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் பெரிய வாயாக. அழகியநம்பியின் கழுத்து வலித்தது. திருப்பிக்கொள்ளவில்லை. மழை வலுத்து, ஆறும் கரையும் மரங்களும் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்து போயின. அந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே அவளுடைய விரல்கள் தட்டை வழித்துக்கொண்டிருந்தன.

வழித்து முடித்தாள். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு விரலால் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க."